மீள்கட்டுமானச் சட்டங்களும் கையில் தாள் இல்லாத குடிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போரால் சிதைந்த நாடுகளின் பாராளுமன்றங்கள் நிறைவேற்றும் மீள்கட்டுமான, முதலீட்டுச் சட்டங்களைப் பற்றியே இம்முறை கூடுதலான கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன். சட்டத்தின் இலக்கமும் ஆண்டும் இல்லாமல் "அந்தப் புதிய சட்டம்" என்று மட்டும் எழுதியிருக்கும் வாசகர்கள் அவ்விரண்டையும் குறிப்பிட்டு மீண்டும் எழுதவேண்டும். எந்தச் சட்டம் என்று தெரியாமல் பதில் சொல்வது அவர்களுக்கே தீங்காக முடியும்.

கேள்வி: உக்ரைன் பாராளுமன்றம் நாட்டின் கனிமங்களை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? (ஹட்டன்)

இல்லை. 2025 ஏப்ரல் 30ஆம் திகதி கையெழுத்தான மீள்கட்டுமான முதலீட்டு நிதிய உடன்படிக்கையை அப்பாராளுமன்றம் மே 8ஆம் திகதி 338 வாக்குகளால் அங்கீகரித்தது. நிலத்தடி வளங்களின் உரிமை உக்ரைனிடமே இருக்கிறது. புதிதாக வழங்கப்படும் அகழ்வு அனுமதிகளால் அரசுக்குக் கிடைக்கும் வருமானத்தில் பாதி நிதியத்துக்குச் செல்லும். பழைய அனுமதிகளின் வருமானம் இதில் சேராது. உலக வங்கியும் பிறரும் 2025 பெப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்நாட்டின் பத்தாண்டு மீள்கட்டுமானத் தேவை 500 பில்லியன் டொலருக்கும் மேல் என்பதால், இந்த ஒரு நிதியத்தைக் கொண்டு நாடு நிமிர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் பிழை. செய்தித் தலைப்பை வைத்துச் சட்டத்தை எடைபோட வேண்டாம் என்று முன்பும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஈராக்கின் முதலீட்டுச் சட்டம் எண்ணெய் வயல்களை வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்டது பற்றி ஒப்படை எழுதுகிறேன். குறிப்புகள் தர முடியுமா? (மாத்தளை)

ஒப்படையின் அடிப்படையே தவறு. 2006ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முதலீட்டுச் சட்டம் எண்ணெய், எரிவாயு அகழ்வையும் வங்கி, காப்புறுதித் துறைகளையும் வெளிப்படையாக விலக்கிவைத்தது. வெளிநாட்டவர் நூறு வீதம் உரிமை கொள்ளலாம் என்று 2003இல் வந்த 39ஆம் இலக்கக் கட்டளையை ஈராக்கியப் பாராளுமன்றம் இயற்றவில்லை; ஆக்கிரமிப்பு நிர்வாகம் பிறப்பித்தது. அதுவும் இயற்கை வளங்களைத் தொடவில்லை. இரண்டையும் குழப்பி எழுதினால் உங்கள் ஆசிரியர் புள்ளி தரமாட்டார், தரவும் கூடாது.

கேள்வி: ஒரு சட்டம் நிறைவேறிய பின்னர் அதற்கு எதிராக வழக்குப் போட முடியுமா? (பண்டாரவளை, வெலிமடை, தலவாக்கலை)

இலங்கையில் முடியாது. சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் செல்லுபடியைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 80(3) உறுப்புரை சொல்கிறது. சட்டமூலம் ஒழுங்குப்பத்திரத்தில் இடப்பட்டதும் தொடங்குகின்ற, சில நாள்களே நீடிக்கும் காலக்கெடுவுக்குள் 121ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தை நாடியிருக்க வேண்டும். கொழும்புத் துறைமுக நகரச் சட்டமூலத்துக்கு எதிராக 2021இல் மனுக்கள் உரிய காலத்தில் போனதால், சில வாசகங்களுக்கு விசேட பெரும்பான்மையும் அவற்றுள் சிலவற்றுக்கு மக்கள் தீர்ப்பும் தேவை என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அவை திருத்தப்பட்ட பின்னரே, அவ்வாண்டு மே மாதம், ஏறத்தாழ 150 வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. வர்த்தமானியை வாரந்தோறும் பார்க்கும் வழக்கம் உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். சட்டம் வந்து ஓராண்டு கழித்து என்னிடம் எழுதுவதால் பயன் இல்லை.

கேள்வி: வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு உண்டா? (கண்டி)

உண்டு. 157ஆம் உறுப்புரையைப் பாருங்கள். முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரித்தால், தேசியப் பாதுகாப்புக் காரணம் தவிர, அதற்கு முரணாகச் சட்டம் இயற்றவோ நிர்வாக நடவடிக்கை எடுக்கவோ முடியாது.

கேள்வி: 1977 கலவரத்தில் எங்கள் தாத்தா குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனது. காடு வெட்டிக் கிணறு கட்டி இருந்தோம். போரின் கடைசிக் காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தோம். இன்றுவரை அனுமதிப்பத்திரம் இல்லை. முதலீட்டுத் திட்டம் ஒன்றுக்காக நில அளவை நடப்பதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு எந்தச் சட்டம் பாதுகாப்பு, ஐயா? (வவுனியா, நுவரெலியாவிலுள்ள உறவினர் வழியாக வந்த கடிதம்)

இந்தக் கேள்விக்குக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன். மீள்கட்டுமானச் சட்டம் என்ற பெயரில் வரும் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது, எத்தனை கோடி வரும் என்பதை அல்ல. யார் உரித்தாளர் என்று அது சொல்கிறது, அதை நிரூபிக்க எத்தனை நாள் தருகிறது என்பவற்றையே. போரால் ஓடியவரிடம் தாள் இருப்பதில்லை. ஆனாலும் சட்டம் அவரிடம் தாளையே கேட்கிறது.

சிரியாவின் 2018ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டம், மீளபிவிருத்தி வலயமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் பதிவேட்டில் இல்லாத உரித்தாளர்கள் தம் உரிமையை நிரூபிப்பதற்கு முதலில் 30 நாள்களே தந்தது. மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இடம்பெயர்ந்திருந்த நாடு அது. எதிர்ப்பு எழுந்த பின்னரே, அதே ஆண்டில் வந்த திருத்தத்தால் அக்காலம் ஓராண்டாக்கப்பட்டது. லெபனானில் 1991ஆம் ஆண்டின் 117ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே பெய்ரூட் நகர மையத்தின் உரித்தாளர்களும் வாடகையாளர்களும் தம் உரிமையை மீள்கட்டுமானத்தை நடத்திய கம்பனியின் பங்குகளாக மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டை இழந்தவருக்குப் பங்குப் பத்திரம் கிடைத்தது. பழைய அயலுக்குத் திரும்ப முடிந்தவர்கள் குறைவு.

பொஸ்னியாவில் நடந்தது வேறு. போர்க்காலத்தில் "கைவிடப்பட்ட" வீடுகளைப் பிறருக்குப் பகிர்ந்தளித்த சட்டங்கள் 1998இல் நீக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு லட்சம் வீட்டுக் கோரிக்கைகள் பரிசீலிக்கப்பட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேல் தீர்க்கப்பட்டன. வீட்டின் உரித்தாளர்களுக்கு மட்டுமன்றி, உறுதி (உரித்துப் பத்திரம்) இல்லாமல் குடியிருக்கும் உரிமையை மட்டும் பெற்றிருந்தவர்களுக்கும் வீடு திரும்பக் கிடைத்தது. குடியிருந்ததையே உரிமையாகக் கொள்ளச் சட்டத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நமது பாராளுமன்றம் செய்ததையும் சொல்கிறேன். 1983 மே முதல் 2009 மே வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் காணியை மீட்க வழக்குத் தொடர இயலாமல் போனவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட கால அவகாசம் தந்தது. அவகாசம் இரண்டே ஆண்டுகள். அப்படியொரு சட்டம் இருப்பதை அவ்விரண்டு ஆண்டுகளும் கழிந்த பிறகு தெரிந்துகொண்டவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. 1977இல் மலையகத்திலிருந்து போய், உறுதியும் இல்லாமல் அனுமதிப்பத்திரமும் இல்லாமல் அரச காணியில் குடியேறிய உங்களைப் போன்ற குடும்பங்களுக்கோ அச்சட்டத்தால் பயன் எதுவும் இருக்கவில்லை. வழக்காடுவதற்கு உரித்து ஒன்று முதலில் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. வடக்கின் மீள்கட்டுமானத்தைப் பேசுபவர்கள் இந்த மக்களை வடக்கின் கணக்கிலும் சேர்க்கவில்லை, மலையகத்தின் கணக்கிலும் சேர்க்கவில்லை. இந்த அநியாயத்தைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன், இனியும் எழுதுவேன்.

நீங்கள் அனுப்பிய பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தோட்டத்துச் சம்பளத் துண்டு ஒன்று, ஓரம் கரையான் அரித்த பங்கீட்டு அட்டையின் முதற்பக்கம், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, உங்கள் தாயாரின் பாடசாலை அனுமதிப் பதிவு ஆகியன இருக்கின்றன. தாத்தாவின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்று பெயரும் ஒருவருடையவையே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்றை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் கோரிப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, திகதி முத்திரை இட்ட பிரதியை வாங்கி வையுங்கள். வாய்மொழியாக "பார்ப்போம்" என்றார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் ஏற்காது. அளவையாளர் வந்தால் கிணறு, தென்னை, வீட்டின் அத்திவாரம் ஆகியவற்றைத் திகதி தெரியும் புகைப்படமாக எடுத்து வையுங்கள். மூலப் பிரதிகளை யாரிடமும், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

கேள்வி: 1983இல் கடையும் வீடும் எரிந்தன. போர் நடந்த மாகாணத்தில் நாங்கள் இருக்கவில்லை. இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா? (நாவலப்பிட்டி)

விண்ணப்பியுங்கள். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் வடக்கு, கிழக்குப் போரோடு நின்றுவிடவில்லை. அரசியல் அமைதியின்மையாலும் உள்நாட்டுக் கலவரங்களாலும் பாதிக்கப்பட்டவர்களையும் அது உள்ளடக்குகிறது. வியாக்கியானப் பிரிவைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கேள்வி: எங்கள் பக்கம் போர் நடக்கவில்லை. இந்தச் சட்டங்களை நாங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? (மஸ்கெலியா)

போர் முடிந்தபின் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்குக் கிழக்குக்கும் 4,000 மலையகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. 2017இல் மேலும் 10,000 வீடுகள் மலையகத்துக்கு அறிவிக்கப்பட்டன. ஆகவே மீள்கட்டுமானம் உங்கள் தோட்டத்தையும் தொட்டிருக்கிறது. அதைவிட முக்கியமானது காணி. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. குத்தகை 53 ஆண்டுகள், அதாவது 2045 வரை. அந்தக் குத்தகை நீடிக்கப்படும்போதோ காணி வேறு முதலீட்டுக்குத் திருப்பப்படும்போதோ, லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருப்பவர் யார் என்று சட்டம் எழுதப்போகிறது என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். காணி சுவீகரிப்புச் சட்டத்தில் "அக்கறையுடைய ஆள்" என்பதற்கான வரைவிலக்கணம் மாத வாடகையாளரையே சேர்ப்பதில்லை. லயக் குடியிருப்பாளர் அந்த அளவு வாடகையாளரும் அல்லர். மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபையை அமைத்த 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் ஒரு தொடக்கம்தான். ஏழு பேர்ச்சஸ் வீட்டுக் காணிக்கான உறுதி ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருந்தால்தான் 2045இல் பேசுவதற்கு இடம் இருக்கும்.

கேள்வி: முதலீட்டுச் சட்டம் வந்தால் உள்ளூர் இளைஞருக்கு வேலை கட்டாயமா? (பதுளை)

சட்டத்தில் அல்லது முதலீட்டாளருடனான ஒப்பந்தத்தில் எண்ணிக்கையோடு எழுதியிருந்தால் மட்டுமே. மேடையில் சொன்னது கட்டுப்படுத்தாது.

கேள்வி: சட்டங்களின் தமிழ்ப் பிரதி எங்கே கிடைக்கும்? (கொட்டகலை)

அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பாராளுமன்ற இணையத்தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் முரண்பாடு ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு ஏறத்தாழ ஒவ்வொரு சட்டத்தின் இறுதியிலும் உண்டு. எனவே காலக்கெடு, வரைவிலக்கணம், அட்டவணை ஆகிய மூன்றையும் சிங்களம் தெரிந்த ஒருவரோடு அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.