அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குக் கவலை

கேள்வி: வயது 56. இரண்டு வருடங்களாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வந்தேன். பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்ததிலிருந்து ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். என் அப்பா டயாலிசிஸ் செய்துகொண்டே இறந்தவர். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை மட்டும் போடுகிறேன். வீட்டுக் கருவியில் 168/100 காட்டுகிறது. அமெரிக்காவில் 130 என்கிறார்கள், எங்கள் டாக்டர் 140 என்கிறார். எது சரி? காதில் இரைச்சல், பிடரி வலி, மாத்திரை சாப்பிட்ட நாட்களில் கால் வீக்கமும் உண்டு. போன வாரம் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தேன்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும் அம்மா. கடிதத்தைப் படித்த உடனே உங்களைத் தொலைபேசியில் அழைத்து, அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். போய்விட்டீர்கள் என்று உங்கள் மகன் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

வலது கையை இயக்குவது மூளையின் இடது பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான். கையும் வாயும் ஒரே நேரத்தில் தடுமாறினால், அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தக் குழாயை ஏதோ ஒரு சிறு ரத்தக் கட்டி அடைத்துவிட்டு, தானே கரைந்து போயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிப்போம். தற்காலிகப் பக்கவாதம் என்று இதற்குப் பெயர். சரியாகிவிட்டதே என்று நிம்மதியாக உட்காரக் கூடாது. நிலையான பக்கவாதம் வரும் அபாயம் அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். பல வருடங்களுக்கு முன்பு என்னிடம் வந்த ஒரு தையல்காரருக்கு, ஒரு மாலையில் ஊசியில் நூல் கோர்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தார். காலையில் ஒரு பக்கம் முழுவதும் அசையவில்லை. அந்தக் கை பிறகு கத்தரிக்கோலைப் பிடிக்கவே இல்லை.

ஆகவே வாய் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க முடியாமல் சரிந்தாலும், பேச்சு குழறினாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், இஞ்சிச் சாறு மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுதல் செய்யும். பிரஷரை உடனே இறக்குகிறேன் என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதும் ஆபத்து. திடீரென்று அழுத்தம் சரிந்தால், ஏற்கெனவே ரத்தம் குறைந்த மூளைக்கு இன்னும் குறைந்துவிடும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அப்பாவை டயாலிசிஸ் படுக்கையில் பார்த்தவருக்கு அந்த வாட்ஸ்அப் செய்தி எவ்வளவு பயத்தைக் கிளப்பியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதை அனுப்பியவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. அம்லோடிபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து இல்லை. பல வருடங்கள் கட்டுப்படாமல் இருக்கும் ரத்த அழுத்தம்தான் சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களைத் தடிக்கச் செய்து, வடிகட்டும் வேலையைக் கெடுக்கிறது. டெல்மிசார்டான் போன்ற சில பிரஷர் மருந்துகளைத் தொடங்கும்போது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறலாம். அதனால்தான் ஓரிரு வாரங்களில் ரத்தப் பரிசோதனை கேட்கிறோம். சிறுநீரில் புரதம் போகும் நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுப்பதே அந்த மருந்துகளைத்தான்.

உங்கள் சிறுநீரகத்துக்காக நான் பயப்படுவது மூட்டு வலி மாத்திரையை நினைத்துத்தான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். சீட்டு இல்லாமல் இதை மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மூட்டு வலிக்கு வேறு வழி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

130, 140 என்ற குழப்பம் எளிதில் தீரும். 2017-இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 130/80-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம் என்று வரையறுத்தன. சர்வதேச உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2020-இல் 140/90 என்றே வைத்துக்கொண்டது. நம் ஊரிலும் பெரும்பாலும் அதுதான் வழக்கம். நோய் என்று எங்கே கோடு போடுவது என்பதில்தான் இந்த வேறுபாடு. உங்கள் 168 இரண்டு கோடுகளையுமே தாண்டி நிற்கிறது. நடந்தது தற்காலிகப் பக்கவாதம்தான் என்று உறுதியானால், உடல் தாங்கும் பட்சத்தில் 130/80-க்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. அதை டாக்டர் படிப்படியாகச் செய்வார். மாத்திரையை நிறுத்துவதும் தொடங்குவதும் இனி அவர் கையில் இருக்கட்டும்.

காது இரைச்சலையும் பிடரி வலியையும் வைத்துப் பிரஷரை அளக்க முடியாது. அவற்றுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். கால் வீக்கம் அம்லோடிபினால் வருவதுண்டு, அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ வடிந்துவிடும்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் ஏழு நாள், காலையிலும் மாலையிலும் அளந்து எழுதுங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசையில் நெஞ்சின் உயரத்துக்கு வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். வீட்டில் 135/85 என்பது மருத்துவமனையின் 140/90-க்குச் சமம். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும், மூட்டு வலி மாத்திரையின் அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.