ஆல்ஃப்ரிஸ்டன் மரச்சட்ட வீடு: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், ஆல்ஃப்ரிஸ்டன் என்னும் ஊரின் தேவாலயத்தை ஒட்டி, கூரை வேய்ந்த பழைய வீடு ஒன்று நிற்கிறது. கிளர்ஜி ஹவுஸ் எனப்படும் அந்த வீடு 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை 1896இல், பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு விலைக்கு வாங்கிய முதல் கட்டடம் அதுவே. அதைப் பற்றியும் அத்தகைய வீடுகளைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மரச்சட்ட வீடு என்று தனியாகச் சொல்வது ஏன் ஐயா? மற்ற வீடுகளிலும் உத்திரமும் தூணும் உண்டே?

செங்கல் வீட்டில் சுவர்தான் பாரத்தைச் சுமக்கிறது. இங்கே சுவர் எதையும் சுமப்பதில்லை. கயிற்றுக் கட்டிலில் காலும் சட்டமும்தான் கட்டில், கயிறு இடையை நிரப்புகிறது அல்லவா, அதுபோல அடிச்சட்டம், தூண்கள், உத்திரங்கள், சாய்முட்டுகள் ஆகியவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கூரையைத் தாங்க, இடைவெளிகளை மிளாறுப் படலும் களிமண்ணும் அடைக்கின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்கள் பலவும் தாமே விளங்கும்.

இரும்பு ஆணியே இல்லாமல் இத்தனை நூற்றாண்டுகள் எப்படி நிற்கிறது?

தச்சர்கள் ஈரம் காயாத ஓக் மரத்தையே பயன்படுத்தினார்கள். பச்சை மரம் வெட்டவும் செதுக்கவும் எளிது. பிறகு அது காயக் காயச் சுருங்கி, பொருத்துகளைத் தானே இறுக்கிக்கொள்ளும். ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு போன்ற கழுந்தை இன்னொரு மரத்தின் துளையில் செருகி, இரண்டையும் ஊடுருவும்படி மர ஆணி அடிப்பார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்தில் போடும் ஆணித்துளை, மற்ற மரத்தின் துளைக்கு நேராக இராமல், ஒரு நூலளவு உள்ளே தள்ளி இருக்கும். ஆணி இறங்க இறங்க, அது கழுந்தை உள்ளே இழுத்துத் தோளோடு தோள் சேர்த்துவிடும். பல வீடுகளில் பொருத்தின் இரு பக்கமும் உளியால் கீறிய ரோமன் எண்களைப் போன்ற கோடுகளைக் காணலாம். சட்டம் முழுவதையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றி, கட்டுமிடத்தில் மீண்டும் பூட்டும்போது எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தெரிய வேண்டி இட்ட குறிகள் அவை. மரத்தின் மேற்பரப்பைத் தேய்த்தோ மணல் வீசியோ பளபளப்பாக்கினால், இந்தக் குறிகளும் வாய்ச்சியின் வெட்டுத் தழும்புகளும் போய்விடும், போனவை திரும்புவதில்லை.

ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டின் படங்களில் அதன் முகப்பின் நடுப்பகுதி உள்வாங்கி இருக்கிறதே, பிற்காலத்தில் மாற்றியதா?

இல்லை, அது வீல்டன் வகை வீட்டின் அடையாளம். தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் இவ்வகையில், நடுவே தரையிலிருந்து கூரை வரை திறந்த கூடம் இருக்கும். இரு முனைகளிலும் மாடி உண்டு. மாடித் தளம் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். மொத்த வீட்டுக்கும் ஒரே கூரை என்பதால், நடுப்பகுதியின் இறவாரம் சுவரை விட்டு விலகி நிற்கும். அதை வளைந்த முட்டுகள் தாங்கும்.

புகைபோக்கி இல்லாமல் எப்படிச் சமைத்தார்கள்?

கூடத்தின் நடுவே, தரையிலேயே அடுப்பு எரிந்தது. புகை மேலே எழும்பிக் கூரையின் இடுக்குகள் வழியே வெளியேறியது. கரி படிந்த கைமரங்களைக் கண்டால், அந்தக் கூடம் ஒரு காலத்தில் திறந்தே இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

தரைக்குப் புளித்த பால் ஊற்றினார்கள் என்பது உண்மையா?

உண்மை. சுண்ணக்கட்டியை நொறுக்கிப் பரப்பிக் கெட்டித்து, புளித்த பாலால் மெழுகிய தரையை ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டின் கூடத்தில் இன்றும் பார்க்கலாம்.

கென்ட்டில் நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டில் மண் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். வீடு, சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 2 தரத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

தயவுசெய்து சிமெண்ட்டை அண்டவிடாதீர்கள். மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப அசையும். மண்ணும் சுண்ணாம்பும் அதனோடு இணங்கிப்போகும், ஏறிய ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் அசையாது. மரத்துக்கும் பூச்சுக்கும் இடையே மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே மழைநீர் இறங்கும், இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் மரத்தில் தங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ஓக்கைத் தேடித்தான் மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு வரும். வெளியே சுவர் புதிதாகத் தெரியும், உள்ளே தூணின் அடி மாவாகிக்கொண்டிருக்கும். இத்தகைய வீடுகள் அழிந்ததற்கு வயதைவிட இந்தப் பூச்சே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் சேர்த்துக் குழைத்த மண்ணால் உதிர்ந்த இடத்தை மட்டும் அடைத்து, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். அதற்கு முன் உள்ளூர் மன்றத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசிவிடுங்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றவியல் குற்றம்.

முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதாதா?

போதாது. கிரேடு 1 ஆனாலும் 2 ஆனாலும் உட்புறமும் பாதுகாப்பில் அடங்கும். வீட்டுவளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் கொட்டகையும் மதில்சுவரும்கூடப் பொதுவாக அதில் சேரும்.

ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டை இடிக்காமல் காப்பாற்றியது யார்?

இடிந்து கொண்டிருந்த அந்த வீட்டுக்காக ஊரின் பாதிரியார் பெய்னன் உதவி தேடினார். எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் துணைநின்றது. பழுதுபார்க்கும் பணியைக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பவல் மேற்கொண்டார். பழையதைப் புதிதுபோல் ஆக்காமல், பழுதானதை மட்டும் சரிசெய்வது அச்சங்கத்தின் கொள்கை. தூணின் அடி இற்றுப்போனால் தூணையே மாற்ற மாட்டார்கள்; இற்ற அளவை அறுத்தெடுத்து, புதிய ஓக்கைச் சாய்வெட்டில் ஒட்டுப்போடுவார்கள். ஒட்டு தெரியத்தான் செய்யும். தெரிவதே நேர்மை.

வேய்ந்த கூரை எத்தனை ஆண்டு தாங்கும்?

வைக்கோலைவிட நாணல் நீண்ட காலம் உழைக்கும். எதுவானாலும் முகட்டு வேய்ச்சல் முதலில் நைந்துவிடும். சுமார் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். கூரை செங்குத்தாக இருப்பது நீர் தங்காமல் வடியத்தான். முகடு நைந்ததைக் கண்டு கூரை முழுவதையும் பிரிக்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். அடியில் இருக்கும் பழைய அடுக்கு சில வீடுகளில் இடைக்காலத்தில் வேய்ந்ததாகவே இருக்கும். கரி படிந்த அந்த வைக்கோலைத் தொடாமல், மேலடுக்கை மட்டும் மாற்றத் தெரிந்த வேய்ப்பாளரைத் தேடுங்கள்.