பேட்டரியும் புதுசு, செல்ஃபும் புதுசு, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை

கேள்வி: 20 வருஷத்துக்கு மேல் ஓடிய டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன், பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். சில நாள் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. புது பேட்டரி போட்டேன், அப்புறம் செல்ஃப் மோட்டாரையும் மாற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. தள்ளிவிட்டால் மட்டும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. டீசல் பம்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பம்பில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். தள்ளிவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே போதும். டீசல் வருகிறது, பம்ப் அழுத்தம் கொடுக்கிறது, நாசில் தெளிக்கிறது, கம்ப்ரெஷனும் தேவையான அளவு இருக்கிறது என்று வண்டியே சொல்லிவிட்டது. டீசல் இன்ஜினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு இன்ஜின் குறைந்தபட்சம் ஒரு வேகத்தில் சுற்றியாக வேண்டும், மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரில் போய்விடும், அழுத்தமும் ரிங் வழியாகக் கசிந்துவிடும். ஆட்கள் தள்ளும்போது அந்த வேகம் கிடைக்கிறது, செல்ஃப் சுற்றும்போது கிடைக்கவில்லை. ஆக, கோளாறு பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் இடையில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முனையிலும் புதுப் பொருள் போட்டுவிட்டீர்கள், நடுவில் ஓடும் பழைய ஒயரை யாரும் பார்க்கவில்லை. பழைய வண்டிகளில் இது ரொம்பச் சகஜம்.

வேலையை ஆரம்பிக்கும் முன் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, டயருக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். சோதிக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது, அதனால் டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்துவதற்காக பம்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டின் ஒயரைக் கழற்றி, நுனி எங்கும் படாமல் ஒதுக்கி வையுங்கள். இழுத்து நிறுத்துகிற கேபிள் வகையாக இருந்தால் அதை இழுத்தே வைத்திருக்க ஒருவர் போதும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிஷமாவது ஆறவிடுங்கள், புது மோட்டாரை நீங்களே கருக்கிவிடப் போகிறீர்கள்.

முதலில் மீட்டர் இல்லாமலே ஒன்று பார்க்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி டெர்மினலே சரியாகப் பிடிக்கவில்லை. ‘டக்’ சத்தம் வந்தும் வெளிச்சம் கொஞ்சம்கூட மங்கவில்லை என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, அது மோட்டார் வரைக்கும் போய்ச் சேரவில்லை. ‘டகடகடக’ என்று வரிசையாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். நீங்கள் சொல்வது ஒரே ஒரு ‘டக்’, அதனால்தான் எனக்கு ஒயர் மேல் சந்தேகம்.

அதிலும் முதல் சந்தேகம் எர்த் மேல், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை மேல். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது, ஆகவே இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கோ நேராக பேட்டரி நெகட்டிவுக்கோ ஒரு தடித்த எர்த் பட்டை போட்டிருப்பார்கள். கிளச் வேலை, கியர்பாக்ஸ் வேலை என்று எப்போதாவது இறக்கி ஏற்றியபோது அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம், அல்லது பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருக்கலாம். மாட்டியே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அழுகியிருக்கும். முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) மாட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ரப்பர் உறையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே மொறமொறவென்று நொறுங்கினால் செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாகிவிட்டது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் உறை ஒன்றும் ஆகாமல் இருக்கும்.

இதை உறுதி செய்ய ஒரு ஜம்பர் கேபிள் போதும். அதன் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் கடிக்க விடுங்கள், இன்னொரு முனையை பெயின்ட் இல்லாத சுத்தமான இன்ஜின் இரும்பில், முடிந்தால் செல்ஃபை முடுக்கியிருக்கும் போல்ட்டிலேயே கடிக்க விடுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கேபிள் தொங்கக் கூடாது. இப்போது சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறதா? வழக்கு முடிந்தது, எர்த் பட்டையை மாற்றுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு, நாலைந்து தடவை செல்ஃப் அடித்தபின் ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறது என்றால் கரண்ட் தன் வழி அடைபட்டு அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கேபிள் அடிக்கடி இறுகிப்போகிறது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் இதைப் பார்ப்பது நல்லது.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுத்தம். ஆனால் ஒயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து ‘பீப்’ வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒயர் நல்லா இருக்கு என்று முடிவு கட்டாதீர்கள். நூறு இழையில் ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும், டெஸ்ட் லைட்டும் பளிச்சென்று எரியும். செல்ஃப் சுற்றும்போது ஓடுவது 200, 300 ஆம்பியர், பெரிய டீசல் இன்ஜினில் அதற்கும் மேல். அந்தப் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தால்கூட 300 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே தின்றுவிடும். 0.01 ஓமைச் சாதாரண மீட்டரால் அளக்க முடியாது. ஆகவே சுமை இருக்கும்போதுதான் அளக்க வேண்டும், அதாவது ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது.

மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். முதல் அளவு பேட்டரியிலேயே, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஈயக் கட்டையிலும் முனையை அழுத்தி. கட்டையைக் கவ்வும் கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில்தான் பாதிக் கோளாறு இருக்கும். நிற்கும்போது 12.6 பக்கம் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. 7, 8 என்று விழுந்தால் பேட்டரி சார்ஜ் இல்லாமல் இருக்கிறது, இல்லையென்றால் மோட்டாரோ இன்ஜினோ இறுகி அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது. இரண்டாவது அளவு, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கட்டையில், மறுமுனை செல்ஃபின் உடம்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 1 வோல்ட், 2 வோல்ட் காட்டினால் அந்த அளவு மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை.

மூன்றாவது, பாசிட்டிவ் கட்டையிலிருந்து செல்ஃபில் தடித்த ஒயர் வந்து சேரும் போல்ட் வரைக்கும். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த ஒயரும் அதன் லக்குகளும் மாற்ற வேண்டியவை. அப்புறம் செல்ஃபோடு சேர்ந்திருக்கும் சொலினாய்டின் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச், பம்பில் இருப்பது அல்ல) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில் அளந்து பாருங்கள், ‘டக்’ சத்தம் வந்தபின் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும், 12 வோல்ட்டிலேயே நின்றால் உள்ளே செம்புக் கான்டாக்ட் கரிந்திருக்கிறது. புது செல்ஃப் என்பதால் இது இருக்காது என்று நம்பலாம், ஆனால் பிரித்துச் சரிசெய்த பழையதைப் புதுசு என்று கொடுத்திருந்தால் அதையும் விட்டுவைக்காதீர்கள்.

ஒயரை மாற்றும்போது லக் உட்காரும் இரும்பை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, நட்டை நன்றாக முடுக்கி, அதன்பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். பழைய ஒயரைவிடத் தடிமன் குறையக் கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டு வெடிப் பொறி கிளம்பும், சார்ஜ் ஏறும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குனியாதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, சில சமயம் அந்த ‘டக்’கூட வரவில்லை என்றால் சாவி சுவிட்சைப் பாருங்கள். பழைய வண்டியில் அதன் கான்டாக்ட் தேய்ந்து சொலினாய்டின் சின்ன ஒயருக்குப் போதுமான வோல்ட் போகாது. அந்த ஒயரில் சாவி திருப்பியபடி அளந்து 10 வோல்ட்டுக்கும் கீழே, பேட்டரி கட்டையில் மட்டும் அதைவிட நிறைய இருந்தால் நடுவில் ஒரு ரிலே போட்டுவிடலாம், சாவி ரிலேயை மட்டும் இயக்கும், சொலினாய்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேராகப் போகும்.

காலையில்தான் தொல்லை என்கிறீர்கள், அதனால் இன்னொன்று. ராத்திரியில் பேட்டரியை ஏதோ ஒன்று குடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், எர்த் கோளாறோடு இதுவும் சேர்ந்தே இருக்கலாம். காலையில் கதவைத் திறக்கும் முன்பே பானெட்டைத் தூக்கி அளக்க முடிந்தால் நல்லது. முந்தின நாள் நன்றாக ஓட்டி நிறுத்திய வண்டியில் 12.2 அல்லது அதற்குக் கீழே காட்டினால் பாதி சார்ஜ் போய்விட்டது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லையென்றால் ராத்திரியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜே ஏற்றவில்லை.

சார்ஜ் சரியாக ஏறுகிறது, ஆனால் காலையில் இறங்கிவிடுகிறது என்றால் எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், எதை உருவினால் இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருடன். எந்த பியூஸை உருவினாலும் இறங்கவில்லையா, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள், அதற்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு கசிந்தால் அந்தக் கரண்ட் உள்ளே இருக்கும் பியூஸ் பெட்டி வழியாக வராது. நெகட்டிவிலிருந்து மீட்டரை எடுத்துவிட்டுத்தான் அந்த ஒயரில் ஸ்பானர் வைக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது தப்பித்தவறிக்கூட சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் போய்விடும்.

எல்லாம் முடித்து, செல்ஃப் வேகமாகச் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை என்றால்தான் டீசல் பக்கம் வர வேண்டும், அப்போதும் பம்புக்கு அல்ல. கழற்றி வைத்த ஸ்டாப் சொலினாய்டு ஒயரைத் திரும்ப மாட்டினீர்களா என்பது முதல் கேள்வி, சிரிக்க வேண்டாம், நிறைய பேர் இதில் அரை நாள் தொலைக்கிறார்கள். அடுத்து சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை, குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள், வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தால் பிளக் பலவீனமாக இருப்பது தெரியாமல் போய்விடும். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை, லைனில் ஏர் எடுக்கிறதா என்று பார்க்க ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு மாட்டினால் குமிழ் ஓடுவது தெரியும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அடித்தால் இன்டேக்கிலேயே வெடிக்கும், பிஸ்டன் உடைந்த வண்டிகளும் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகும் நிற்கிறது என்றால் பேட்டரி நிற்கும்போதும் செல்ஃப் அடிக்கும்போதும் எவ்வளவு, எர்த் பக்கம் எவ்வளவு, பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு என்று இந்த நான்கு அளவையும் எழுதி அனுப்புங்கள், ஜம்பர் கேபிள் போட்டபோது செல்ஃபின் சத்தம் மாறியதா என்பதையும் சேர்த்து.