அஞ்சி ஒளியும் சின்சில்லாவை எப்படிப் பழக்குவது?

கேள்வி: நாங்கள் கனடாவில் வசிக்கிறோம். மூன்று வாரங்களுக்கு முன் நான்கு மாத வயதுள்ள பெண் சின்சில்லா ஒன்றை வாங்கினோம். பகல் முழுவதும் மரப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. கூண்டுக்குள் கையை விட்டாலே பாய்ந்து ஓடுகிறது. சென்ற வாரம் என் மகன் அதைப் பிடித்துத் தூக்க முயன்றபோது ஒரு கொத்து முடி அவன் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அருகில் போனாலே குரைப்பதுபோல் கத்துகிறது. இது எங்களோடு பழகுமா? துணைக்கு இன்னொன்றை வாங்கினால் பயம் தெளியுமா?

பதில்: நிச்சயம் பழகும்; ஆனால் அதற்கு மூன்று வாரங்கள் போதாது. சின்சில்லா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழ்ந்த, அணிலைப் போலக் கொறித்துண்ணும் சிறு விலங்கு. நரியும் ஆந்தையும் பருந்தும் தேடித் திரியும் இடத்தில், அசைவு தெரிந்த கணமே இடுக்குக்குள் பாய்ந்தது மட்டுமே உயிர் பிழைத்தது. மத்தியாஸ் சாப்மேன் என்ற அமெரிக்கர் 1923-இல் சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுசென்ற 11 சின்சில்லாக்களின் வழிவந்தவையே இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை. அந்த நூறாண்டுகளிலும் பெரும்பகுதி அவை மென்மயிருக்காகப் பெருக்கப்பட்டனவே அன்றி, மனிதரோடு இணங்கிப் போகும் குணத்துக்காக அல்ல. ஆகவே உங்கள் வீட்டுச் சின்சில்லா ஒளிந்துகொள்வதைக் குறையாக எண்ண வேண்டாம். அதன் இயல்பே அதுதான்.

கையோடு வந்த முடியைக் கண்டு நீங்கள் பதறியிருப்பீர்கள். பகை விலங்கின் வாயில் முடியை மட்டும் விட்டுவிட்டுத் தான் தப்பிக்கும் பொருட்டு, அச்சம் மிகும்போது சின்சில்லா பிடிபட்ட இடத்து முடியை உதிர்த்துவிடும். தோல் சிவந்தோ கீறியோ இல்லையென்றால் மருந்து எதுவும் தேவையில்லை; முடி சில மாதங்களில் பழையபடி அடர்ந்துவிடும். ஆனால் தன்னை ஏதோ ஒன்று கௌவியது என்ற நினைவு அதற்கு அவ்வளவு விரைவில் மறையாது. இப்போது அது குரைப்பது கோபத்தால் அன்று. ஆபத்து வருகிறதென்று தன் கூட்டத்துக்குச் சொல்லும் எச்சரிக்கைக் குரல் அது. அந்த நேரத்தில் சமாதானப்படுத்துவதாக எண்ணிக் கையை நீட்டாமல், தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விலகிவிடுங்கள்.

முதலில் கூண்டு இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். அதன் பின்புறமாவது சுவரை ஒட்டியிருக்க வேண்டும். நாற்புறமும் ஆள் நடமாடும் இடத்தில் இருந்தால் அதற்கு நிம்மதியே இராது. மரப்பெட்டியை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். ஒளிய இடமில்லாவிட்டால் வெளியே வந்து பழகும் என்று சிலர் சொல்வது முற்றிலும் தவறு. ஓடி ஒளிய இடம் உண்டு என்ற உறுதி இருந்தால்தான் அது வெளியே வரத் துணியும். அறையின் வெப்பம் 20 பாகை செல்சியஸை ஒட்டி இருப்பது நல்லது. 25-ஐத் தாண்டினால், அதிலும் ஈரப்பதம் கூடினால், அந்த அடர்ந்த முடியே அதன் உயிருக்கு எமனாகிவிடும். குளிர்காலத்தில் ஹீட்டரை ஒட்டிக் கூண்டை வைக்காதீர்கள். பகலில் அது உறங்கும் விலங்கு என்பதால், பழக்கும் முயற்சி எதுவானாலும் அந்தி சாய்ந்த பிறகே இருக்கட்டும்.

இனி, கையைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் நிழலாகவே தெரியும். எனவே தினமும் மாலை ஒரே நேரத்தில் கூண்டின் முன் தரையில் அமர்ந்து, சில நாட்கள் கதவைத் திறக்காமல் மெல்லப் பேசிக்கொண்டு மட்டும் இருங்கள். நீங்கள் இருக்கும்போதே அது உலர்புல்லைக் கொறிக்கத் தொடங்கிய பின், கதவைத் திறந்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையைத் தரையோடு தரையாக வாசலருகே வைத்து அசையாமல் இருங்கள். அது முதலில் கழுத்தை நீட்டி மோப்பம் பிடிக்கும். நீண்ட மீசை உங்கள் விரலில் படும். பிறகு பற்களால் விரலை மெதுவாகக் கடித்துப் பார்க்கும். அந்தக் கடி வலிக்காது, அது அறிமுகம். அப்போது கையை வெடுக்கென்று இழுத்தால் அதுவரை செய்ததெல்லாம் வீணாகும். ஓரிரு நாட்கள் இப்படி வந்து போன பிறகு, உள்ளங்கையில் ஒரே ஒரு ஓட்ஸ் செதிலை வைக்கலாம். உலர் திராட்சை, முந்திரி, பாதாம் போன்றவற்றைக் கொடுத்து வசப்படுத்த வேண்டாம். சர்க்கரையும் கொழுப்பும் அதன் குடலுக்கு ஒவ்வாதவை, வாந்தியெடுத்து வெளியேற்றவும் அதனால் இயலாது.

கையில் ஏறி நிற்கத் தொடங்கிய பின், கூண்டைவிட்டு வெளியே விடலாம். மின்கம்பிகள் இல்லாத, சந்துபொந்துகள் அடைக்கப்பட்ட சிறிய அறை வேண்டும். கழிப்பறைத் தொட்டியை மூடிவிட்டால் குளியலறையே போதும். நீங்கள் தரையில் அமர்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அதுவே வந்து முழங்காலில் ஏறிக் குதிக்கும், சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்க்கும். முதலில் 15 நிமிடம் போதும். திரும்பக் கூண்டுக்குள் விடத் துரத்திப் பிடிக்காதீர்கள். சின்சில்லா நீரில் குளிப்பதில்லை; நுண்ணிய புழுதியில் புரண்டே முடியைச் சுத்தம் செய்துகொள்ளும். புழுதிக் குளியல் கிண்ணத்தை அன்று அதுவரை கொடுக்காமல் வைத்திருந்து, அப்போது கூண்டுக்குள் வைத்தால் பெரும்பாலும் தானாகவே உள்ளே போய்ப் புரளும். வாரத்தில் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் அக்குளியல் போதுமானது.

உங்கள் மகனை விலக்கி வைக்க வேண்டியதில்லை. மாலையில் உலர்புல் வைக்கும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். தூக்குவது மட்டும் இப்போதைக்கு வேண்டாம். தூக்கியே ஆக வேண்டிய நேரத்தில் பெரியவர் ஒருவர் ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்னங்கால்களுக்கு அடியிலும் கொடுத்து, தம் உடலோடு அணைத்து எடுக்க வேண்டும். விலாவை இறுக்கக் கூடாது. வால் நுனியைப் பிடிக்கவே கூடாது. நன்றாகப் பழகிய பிறகும் மடியில் கிடத்திக் கொஞ்சுவதைப் பல சின்சில்லாக்கள் விரும்புவதில்லை. தோளில் ஏறி உட்காரும், அழைத்தால் ஓடி வரும், ஆனால் அணைத்தால் நழுவும். அதன் அன்பை அந்த அளவிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

துணை குறித்துக் கேட்டிருந்தீர்கள். கூட்டமாக வாழும் விலங்கென்பதால் நாளடைவில் துணை இருப்பது நல்லதே. ஆயினும் இந்தப் பயத்துக்கு மருந்தாக இப்போதே ஒன்றை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிதாக வருவதைச் சில வாரங்கள் தனியே வைத்து, பக்கத்துக் கூண்டுகளில் மோப்பம் பழக்கி, அதன் பிறகே சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றையொன்று கடித்துக் கடுமையாகக் காயப்படுத்தும்.

ஒன்றை மட்டும் கூச்சத்தின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பயந்த சின்சில்லாகூட ஆளில்லாத இரவில் தின்னும். காலையில் கூண்டில் புழுக்கைகள் நிறையக் கிடக்கும். புழுக்கை குறைந்தாலோ சிறுத்தாலோ, மோவாய் ஈரமாக இருந்தாலோ, கண்ணில் நீர் வடிந்தாலோ அது நோய். அரை நாள் முழுவதும் எதையும் தின்னாவிட்டால் அன்றே, சிறு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். ஓட்ஸ் செதிலுக்காகச் சிறு பெட்டிக்குள் தானே ஏறப் பழக்கிவிட்டால், பிடிக்காமலேயே எடை பார்த்துவிடலாம். மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளிலும் அந்தப் பழக்கம் உதவும்.