கேள்வி – பதில்: தோலுரிக்கும் டரான்டுலாவைப் பேணுவது எப்படி?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் மெக்சிகன் ரெட் நீ வகை டரான்டுலா (உடலெங்கும் முடியுள்ள பெரிய சிலந்தி) ஒன்றை வளர்க்கிறான். பல வாரங்களாக இரையைத் தொடாமலிருந்த அது, சென்ற ஞாயிற்றுக்கிழமை மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டது, வெளியே கொட்டிவிடு என்றார் என் மாமியார். மகனோ அதைத் திருப்பிப்போடக் கையை நீட்டினான். நான் இருவரையும் தடுத்தேன். மாலையில் பார்த்தால் பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள்! அவற்றில் ஒன்று உரிந்த தோல் என்பது பிறகே புரிந்தது. இனி எப்போது இரை போடலாம்? அடுத்த முறை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: அம்மையீர், தாங்கள் தடுத்தது மிகச் சரி. டரான்டுலாக்களில் பெரும்பாலானவை மல்லாந்து படுத்தே தோலுரிக்கின்றன. சிலந்தியின் கால்களை மடக்குவதற்குத் தசைகள் உண்டு. முக்கியமான சில மூட்டுகளை நீட்டுவதற்கோ தசை கிடையாது, உடல் திரவத்தின் அழுத்தமே அவற்றை நீட்டுகிறது. ஆகவே, உயிர் போனால் அழுத்தம் குறைந்து கால்கள் உடலுக்கடியில் சுருண்டுகொள்ளும். மல்லாந்து, கால்களைச் சற்றே விரித்துக் கிடக்கும் சிலந்தி உயிரோடுதான் இருக்கிறது. தோலுரிப்பதும் இதே அழுத்தத்தால்தான். வயிற்றிலிருந்து திரவம் முன்பக்கம் செலுத்தப்பட, தலையும் நெஞ்சும் ஒன்றான முன்னுடலை மூடிய ஓடு விளிம்பில் வெடித்து மூடிபோலத் திறந்துகொள்கிறது. அந்த வழியாகக் கால்கள் ஒவ்வொன்றையும், நச்சுப்பற்களையும், உணவுப் பாதையின் முன்பகுதி உட்படப் பழைய உறையிலிருந்து அது உருவிக்கொள்ள வேண்டும். இளம் சிலந்திகளுக்கு இது சிறிது நேரத்தில் முடிந்துவிடும். பெரியவற்றுக்குப் பல மணி நேரம் ஆகலாம். இந்நிலையில் திருப்பிப்போட்டால், இன்னும் இறுகாத கால்கள் கோணிப்போகவோ முறியவோ கூடும்.

புதுத் தோல் இறுகும்வரை இரை கூடாது. இதற்கு நாட்காட்டியை விட நச்சுப்பற்களே நம்பகமான அடையாளம்: உரித்தவுடன் அவை வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், இறுதியில் கருமையாகும். கருத்த பின்னும் சில நாட்கள் பொறுப்பது நல்லது. வளர்ந்த சிலந்திக்குப் பொதுவாக 10 முதல் 14 நாட்களும், குஞ்சுகளுக்குச் சுமார் ஐந்து நாட்களும் போதும். வயிறு சிறுத்து, மெலிந்து தெரிவதைக் கண்டு மனமிரங்கி முன்கூட்டியே இரைப்பூச்சியான சுவர்க்கோழியை உள்ளே விட்டுவிடாதீர்கள். மென்மையாகக் கிடக்கும் சிலந்தியை அந்தச் சுவர்க்கோழியே கடித்துக் குதறிவிடும். வேட்டையாடும் பிராணியே இச்சமயத்தில் வேட்டைப் பொருளாகிவிடும். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

அடுத்த முறை அறிகுறிகள் முன்பே தெரியும். இரையை மறுக்கும், நடமாட்டம் குறையும், நிறம் மங்கும். முடி உதிர்ந்து வயிற்றின் மேல் வழுக்கையாகத் தெரியும் இடம், அடியில் புது முடி உருவாவதால் கருமையாகும். பட்டுநூலால் ஒரு விரிப்புப் பின்னி அதன்மேல் படுக்கும். வழுக்கை கருத்ததுமே பெட்டிக்குள் மிஞ்சிய இரைப்பூச்சிகளை வெளியேற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெக்சிகன் ரெட் நீ, பிரேக்கிபெல்மா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், இந்திய அரசின் 2024 ஆம் ஆண்டு விதிகளின்படி இதை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். தங்கள் மகன் செய்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோலுரிக்கும்போது ஈரப்பதம் வேண்டுமென்று நண்பர் சொன்னதால், பெங்களூரின் மார்கழிக் குளிரிலும் தினமும் சிலந்தியின் மேல் தண்ணீர் தெளிக்கிறேன். இது சரியா?
– வாசகர் ஒருவர், ஜெயநகர்

பதில்: நிறுத்திவிடுங்கள். தோலுரிப்பதற்கு வேண்டிய நீரைச் சிலந்தி முந்தைய வாரங்களில் குடித்தே சேர்த்துக்கொள்கிறது. முதுகில் விழும் துளிகள் அதை மிரளச் செய்வதோடு சரி. காற்றோட்டம் குறைந்த பெட்டியில் அன்றாடம் தெளித்தால், அடியில் பரப்பிய தேங்காய் நார்த்தூளில் பூஞ்சை படரும். கிண்ணத்தைச் சற்று வழியவிட்டு ஒரு மூலையை மட்டும் ஈரமாக வைத்தால் போதும். குளிர்காலத்தில் எல்லாமே மெதுவாக நடக்கும் என்பதால், இரை மறுக்கும் காலம் நீள்வது கண்டு பதற வேண்டாம். பெட்டியைச் சன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். ஒரு நாள் கடந்தும் கால் பழைய தோலில் சிக்கியிருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் அந்தத் தோலை ஊறவையுங்கள். வயிற்றின் அடிப்பக்கத்தில் ஈரம் படக்கூடாது, மூச்சு உறுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. பிடித்து இழுக்கவே கூடாது. கால் ஒன்று போனாலும் பிந்தைய தோலுரிப்புகளில் சிறிதாக முளைத்து வளரும்.

கேள்வி: உரிந்த தோலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, பானசவாடி

பதில்: முடியும். வெறுங்கையால் தொடாதீர்கள், அமெரிக்கக் கண்ட வகைகளின் தோலிலும் அரிப்பூட்டும் முடிகள் இருக்கும், கண்ணில் பட்டால் பெருந்தொல்லை. சுருங்கிய வயிற்றுத் தோலை, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த நீரில் ஊறவைத்து, இடுக்கியாலும் ஊசியாலும் மெல்ல விரியுங்கள். உட்புறத்தில் நான்கு வெண்ணிறத் திட்டுகள் தெரியும்; அவை புத்தகத் தாள்கள்போல் அடுக்கடுக்கான மூச்சு உறுப்புகளான புத்தக நுரையீரல்களின் உறைகள். முன்னிரண்டுக்கும் இடையிலுள்ள மடிப்பில் சிறு மடல் ஒன்று நிமிர்ந்து நின்றால் அது விந்துகொள் பை, சிலந்தி பெண். வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் ஆண். மிகச் சிறிய குஞ்சுகளில் பூதக்கண்ணாடி இருந்தாலும் ஏமாற வாய்ப்புண்டு. அடுத்தடுத்த தோல்களையும் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழலாம், முதிர்ந்த பின்னும் தோலுரித்துக்கொண்டே இருக்கும். ஆணுக்கு, முன்கால்களின் அடியில் கொக்கிகள் தோன்றும் முதிர்ச்சித் தோலுரிப்பே பொதுவாகக் கடைசி. அதன் பிறகு சில மாதங்களோ, ஓரிரு ஆண்டுகளோதான்.