சிகிச்சை முடிந்த பின்னும் புற்றுநோயாளியின் விவரங்களை ஏன் பதிகிறார்கள்?

கோவையிலோ ஈரோட்டிலோ சிகிச்சை முடித்து வீடு திரும்பியவரை, ஆண்டுகள் கழித்தும் மருத்துவமனையினர் போனில் அழைத்து நலம் கேட்பது எதற்காக என்பதே கேள்வி. நோயின் வகை, அது கண்டறியப்பட்ட நிலை, அளித்த சிகிச்சை, பின்னர் நேர்ந்தவை ஆகியவற்றைத் திரட்டி வைப்பதே புற்றுநோய்ப் பதிவேடு. இந்தியாவில் இதற்கான தேசியத் திட்டம் 1981-இல் தொடங்கியது.

மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன; ஆனால் டாக்ஸோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்து இதயத்தைத் தளர்த்துவதும், மார்பில் பட்ட கதிர்வீச்சு இதய ரத்தக் குழாய்களைப் பாதிப்பதும் பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகுகூட வெளிப்படலாம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஒரு கோடையின் வறட்சி அந்த ஆண்டோடு நின்றுவிடாமல், அடுத்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் காய்ப்பைக் குறைப்பதைப் போன்றது இது.

திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய், சிம் கார்டையும் மாற்றிவிட்ட ஒருவரின் நிலை பதிவேட்டுக்குத் தெரியாமல் போகிறது. அத்தகையோரை நலமாக இருப்பவர்களாகவே கொண்டுவிட்டால், சிகிச்சை உண்மையில் அளித்ததைவிடக் கூடுதல் பலன் அளித்ததாகக் கணக்கு காட்டிவிடும். ஆகவே அந்த அழைப்பைத் தொந்தரவாக எண்ணாமல் பதில் சொல்வது நல்லது.

இப்படித் திரட்டிய விவரங்களிலிருந்து கணக்கிடப்படும் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் என்றதும் ஆயுள் ஐந்தாண்டுதான் என்று பலர் அஞ்சுகிறார்கள். நோய் கண்டறிந்து ஐந்தாண்டு கடந்தும் நூற்றுக்கு எத்தனை பேர் உயிருடன் இருக்கிறார்கள் என்பதே அந்த எண், அவர்களில் பலர் அதன் பின்னும் நெடுங்காலம் வாழ்கிறார்கள்.