ஆயில் குடிக்கும் பிக்கப்: இன்ஜினைப் பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானல் மேல்மலைக்குச் சொந்தமாக பிக்கப் ஓட்டுகிறேன். பூம்பாறையில் கேரட், பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்குவேன். 2015 மாடல், 2.5 லிட்டர் டர்போ டீசல், 2,90,000 கி.மீ. ஓடிவிட்டது. ஆறு மாதமாக ஆயில் குடிக்கிறது, 700 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். மேலே லோடு ஏற்றும்போதுதான் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பேன். குறைந்திருந்தால், இறக்கத்தில் வம்பு வேண்டாம் என்று மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றிவிடுவேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் புகை வரும், பிறகு இருக்காது. ஏற்றத்தில் இழுவை குறையவில்லை. மெக்கானிக் ‘ரிங் போச்சு, ஃபுல் இன்ஜின் வேலை’ என்று 85,000 ரூபாய் கேட்கிறார். செய்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு விஷயங்கள் இடிக்கின்றன.

முதலாவது, நீங்கள் பார்க்கும் இடம். மேல்மலையில் லோடு ஏற்றுகிற இடம் எதுவும் மேசை போலச் சமமாக இருக்காது. வண்டி முன்பக்கம் தூக்கி நின்றால் ஆயில், சேம்பரின் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பின்பக்கம் ஒதுங்கிவிடும். ஸ்டிக் இருக்கிற பக்கத்தைப் பொறுத்து அரை லிட்டர் கூடவோ குறையவோ காட்டும். போதாததற்கு, அவ்வளவு ஏற்றம் ஏறி வந்து நிறுத்திய உடனே பார்த்தால் ஆயிலில் ஒரு பகுதி இன்னும் மேலே ஹெட்டில்தான் இருக்கும், கீழே வடிந்திருக்காது.

இரண்டாவது, அந்தக் ‘கொஞ்சம் கூடுதல்’. மேல்கோட்டுக்கு மேலே ஆயில் நின்றால் கிராங்க் அதை அடித்துக் கலக்கி நுரையாக்கிவிடும். அந்த ஆவியும் துளியும் இன்ஜினின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக டர்போவுக்குப் போய் எரிந்துவிடும். கூடுதலாக ஊற்றியது சீக்கிரமே காணாமல் போகும். நீங்கள் மறுபடி சரிவில் நிறுத்திப் பார்த்து மறுபடி ஊற்றுவீர்கள். ஆகவே 700 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் எவ்வளவு இன்ஜின் குடித்தது, எவ்வளவு நீங்களே விரயம் செய்தது என்று இப்போது சொல்ல முடியாது.

இப்படிச் செய்யுங்கள். வீட்டு வாசலில் சமமான ஓர் இடம் பாருங்கள், எப்போதும் அதே இடம்தான். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்குச் சரியாக ஊற்றி, கி.மீ. மீட்டரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியதும் அதே இடத்தில், அதே நேரத்தில், அளவுக் கோடு போட்ட கேனில் இருந்து மேல்கோடு வரும்வரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் உண்மையான கணக்கு. நடுவே தினமும் பாருங்கள். கீழ்க்கோட்டை நெருங்கினால் மட்டும் அளந்து ஊற்றி, அதையும் எழுதி வைத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறையை இரண்டு தடவை செய்துவிட்டு முடிவெடுங்கள்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? டீசல் இன்ஜினில் ஆயிலை டீசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். உங்கள் வண்டி லிட்டருக்கு 12 கி.மீ. தருகிறது என்று வைத்தால் 700 கி.மீ.க்கு ஏறக்குறைய 58 லிட்டர் டீசல். அதில் ஒரு லிட்டர் ஆயில் என்றால் 1.7 சதவீதம். இது அதிகம்தான். அரை சதவீதம் வரை, அதாவது 2,000 கி.மீ.க்கும் மேல் ஓடி ஒரு லிட்டர் குறைந்தால், இத்தனை ஓடிய வண்டிக்கு நான் அலட்டிக்கொள்ள மாட்டேன்.

இனி மெக்கானிக் சொன்ன ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி ஆயிலை மேலே ஏறவிடாமல் தடுக்கும் வளையம். ரிங் தேய்ந்த இன்ஜின் லோடோடு ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் நீலமாகப் புகையும், இழுவையும் விழும். உங்களுக்கு இரண்டும் இல்லை. காலையில் மட்டும் ஒரு நிமிடம் என்றால் என் சந்தேகம் வால்வு சீல் பக்கம் போகிறது: இரவு முழுக்க ஹெட்டில் நின்ற ஆயில் தேய்ந்த சீல் வழியாகச் சொட்டி, காலையில் முதலில் எரியும். ஆனால் அந்தப் புகையின் நிறம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளையாக, கண் எரிகிற டீசல் நெடியோடு வந்தால் அது ஆயிலே இல்லை. குளிரில் எரியாத டீசல், ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். நீலமாக, எண்ணெய் கருகுகிற வாடையோடு வந்தால்தான் ஆயில்.

எரிவதைத் தேடும் முன் ஒழுகுவதைத் தேடுங்கள். இன்ஜினின் அடிப்பக்கத்தை வாட்டர் சர்வீஸில் கழுவிவிட்டு இரண்டு நாள் ஓட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். டேப்பட் கவர் கேஸ்கெட், கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் (கிராங்கின் பின்பக்க சீல்), ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், டர்போவில் இருந்து இறங்கும் ரிட்டர்ன் குழாய். ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்கம் பம்ப் இருக்கிற வண்டியானால் அதற்குப் போகும் ஆயில் ஹோஸை மறக்காதீர்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். இரவில் அட்டையை விரித்துவைத்து ‘சொட்டு இல்லை’ என்று திருப்திப்பட வேண்டாம். ஓடும்போது பிரஷரில் மட்டும் பீய்ச்சுகிற ஒழுகல் நிறுத்தியதும் நின்றுவிடும். நானே ஒருமுறை ஒரு ஒர்க்‌ஷாப்பில் வால்வு சீலுக்குக் காசு கொடுத்து மாற்றினேன். பிறகுதான் தெரிந்தது, டிரெயின் போல்ட்டின் செம்பு வாஷர் நசுங்கிப் போயிருந்தது. வாஷர் விலையைக் கேட்டபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி அப்படியே அதன் வாயில் வையுங்கள். மூடி லேசாகத் துடித்தால் பரவாயில்லை. குதித்து விழுந்தால், குக்கர் போல ஆவி அடித்தால் பேக் கம்ப்ரஷன் (சிலிண்டரின் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவது) வருகிறது. அப்போது மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அதற்கு முன் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அடைப்பும் இதே மாதிரிதான் காட்டும்.

டர்போவை இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். ஏர் ஃபில்டரில் இருந்து வரும் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கும், அது சரி. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போதான் ஆயிலைக் குடிக்கிறது. இன்டர்கூலர் ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் பூச்சு சாதாரணம்; சாய்த்தால் ஆயில் கொட்டக் கூடாது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். டர்போ சீல் முழுசாகப் போனால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக வேகம் பிடிக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அடக்க வேண்டும்.

இதெல்லாம் தாண்டியும் சந்தேகம் இருந்தால் மட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரின் அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள். நாலும் கம்பெனி சொல்லும் அளவுக்குள், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் ரிங்குக்காக இன்ஜினைப் பிரிக்க அவசரம் இல்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். உங்கள் கணக்கே சரி என்று வைத்தாலும், மாதம் 3,500 கி.மீ.க்கு ஐந்து லிட்டர். லிட்டர் 400 ரூபாய் என்றால் மாதம் 2,000, வருடம் 24,000. அந்த 85,000 ரூபாய் திரும்ப மூன்றரை வருடம் ஆகும். எனவே ஆயில் அளவை தினம் பார்க்கும் பொறுமை இருந்தால் ஊற்றிக்கொண்டே ஓட்டுவதும் கௌரவமான முடிவுதான். குறைகிற வேகம் மாதத்துக்கு மாதம் கூடினாலோ, சூட்டில் ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்கினாலோ மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

கடைசியில் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், போரை (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்துளை) லேத்தில் போர் கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். தேய்ந்து முட்டை வடிவான போரில் புது ரிங் மட்டும் போட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வழியாகப் புழுதி போய்த்தான் பல ரிங்குகள் தேய்கின்றன. அதை விட்டுவிட்டு இன்ஜின் வேலை செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் மச்சான் ‘15W-40 வேண்டாம், 20W-50 ஊற்று, ஆயில் குடிப்பது நின்றுவிடும்’ என்கிறார். கடையில் ஒரு சின்ன டப்பா மருந்தும் தருகிறார்கள். ஊற்றலாமா?

பதில்: கடைசி எண் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 50 என்றால் கெட்டி. அதனால் தேய்ந்த இடைவெளியில் கொஞ்சம் மெதுவாகக் கசியும், குறைவது சற்று மட்டுப்படலாம். உங்கள் வண்டிப் புத்தகத்தில் அந்த கிரேடையும் அனுமதித்திருந்தால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மலைக்குளிரில் காலையில் டர்போவுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும் என்பது இதில் உள்ள சங்கடம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியானால் இந்த விளையாட்டே வேண்டாம். அதில் சைலன்சர் லைனில் இருக்கும் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), சாம்பல் அதிகம் விடுகிற ஆயிலால் அடைத்துக்கொள்ளும். புத்தகத்தில் உள்ள கிரேடு மட்டும்தான்.

டப்பா மருந்தை நான் ஊற்ற மாட்டேன். ஃப்ளஷ் என்று விற்பதும் அப்படித்தான். பல வருடம் படிந்த கசடை ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டால் அது சேம்பரில் ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் போய் அடைக்கும்.

அந்தக் காசில் உருப்படியான இன்னொன்று செய்யலாம்: இப்போது ஊற்றும் ஆயில் அசலா என்று பாருங்கள். காலி கேனில் கழிவு ஆயிலை வடிகட்டி நிரப்பி விற்பது ஊரெங்கும் நடக்கிறது. மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, கேனிலும் மூடியிலும் அச்சு அழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். காலி கேனை ஆணியால் குத்திவிட்டு எறியுங்கள்.

கேள்வி: ஆறு லட்சத்துக்குள் செகண்ட் ஹேண்ட் பிக்கப் பார்க்கிறேன். ஆயில் குடிக்கும் வண்டி என்று வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காலை ஆறு மணிக்குப் போங்கள், ‘நான் வரும் முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ புகையை உங்களுக்கு முன்பே ஊதித் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆயில் ஸ்டிக்கில் தேன் நிறத்தில் ஆயில் தெரிந்தால் மகிழ வேண்டாம். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். தேன் நிறம் என்றால் நேற்று மாற்றியது. ஏன் நேற்று என்று கேளுங்கள். சைலன்சர் வாயில் விரல் விட்டுத் தடவுங்கள்: உலர்ந்த கரி சரி, பிசுபிசுப்பு சரியில்லை. பிறகு ஒரு நல்ல இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலரேட்டர் தொடாமல் இறங்கி, கீழே வந்ததும் மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் வால்வு சீல் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். டீசலில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது, ஆனாலும் நீலம் வந்தால் போதும், முடிவு தெரிந்துவிடும்.

வண்டியின் வயது எட்டைத் தாண்டியிருந்தால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) வருடா வருடம் எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: ரிங், பிஸ்டன் எல்லாம் மாற்றி நாலு மாதத்தில் மறுபடி ஆயில் குடிக்கிறது. ஒர்க்‌ஷாப்காரர் கையை விரிக்கிறார். சரக்கு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்கிறார்களே?

பதில்: அவர்கள் சொல்வது பாதிதான் சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கான சேவையை விலக்கி வைக்கிறது. ஆனால் ஒருவர் தானே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்தச் சட்டம் வணிக நோக்கம் என்று கருதுவதில்லை. நீங்களே ஓட்டி, அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது என்றால் உங்களுக்கு வாதம் இருக்கிறது. நாலு வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறவருக்கு அது கஷ்டம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கடிதம் போடுங்கள்: என்ன வேலை, என்ன தேதி, எத்தனை கி.மீ.யில், இப்போது எவ்வளவு குறைகிறது. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். கோபத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் உடனே இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். பிரித்துவிட்டால் ‘அவர்தான் கெடுத்தார்’ என்று பழைய ஒர்க்‌ஷாப்காரர் சொல்லிவிடுவார். கடிதத்துக்குப் பதில் வரும்வரை பொறுத்து, அதுவரை ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பில் வாங்கி, மீட்டரின் படத்தோடு சேர்த்து வையுங்கள். துண்டுச் சீட்டில்தான் பில் தந்தார் என்றால், பணத்தை போனில் அனுப்பிய பதிவும் ‘இன்ஜின் வேலை முடிஞ்சது, வண்டி எடுத்துக்கோங்க’ என்று அவர் அனுப்பிய மெசேஜும் இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள்.